ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரு தொழில்
வான்வெளித் துறையில் மெக்கானிக்கல் பொறியாளர்கள் என்ன செய்கிறார்கள்?

விமானம், ராக்கெட், செயற்கைக்கோள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஏரோநாட்டிகல் படிப்புதான். ஆனால் இஸ்ரோ பொறியாளர் பணிக்கு ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் கேட்பது எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆகிய மூன்று பிரிவுகளைத்தான். இறக்கையின் வெளி வடிவத்தைக் காற்றியக்கவியல் தீர்மானிக்கிறது. அந்த வடிவத்தைத் தாங்கும் தகடு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், எந்த உலோகக் கலவையில் செய்ய வேண்டும், ரிவெட் எத்தனை, சக்கரத்தண்டு எப்படி மடங்கும், பம்ப் எப்படிச் சுழலும், வால்வு கசியாமல் எப்படி மூடும், சூடு எந்த வழியாக வெளியேறும் என்பதெல்லாம் மெக்கானிக்கல் பொறியாளரின் மேசைக்கு வருகின்றன. அழுத்தம், அதிர்வு, வெப்பம், தேய்மானம் என்று கல்லூரியில் படித்த பாடங்கள்தான் இங்கேயும். ஆனால் பம்ப் செட்டிலோ டிராக்டரிலோ கிடைக்கும் தாராளம் இங்கே கிடையாது.

எடை என்னும் எதிரி

பாலம் கட்டுபவருக்குச் சந்தேகம் வந்தால் இரும்பைக் கூட்டிப் போட்டுவிடலாம். விமானத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு கிலோவையும் அந்த விமானம் ஓய்வுபெறும்வரை சுமந்து திரிய வேண்டும். அதனால் பயணிகள் விமானத்துக்கான விதி, பாதுகாப்புக்கென்று விட்டுவைக்கும் இடத்தைக் கறாராக அளந்து கொடுக்கிறது. விமானம் தன் பணிக்காலத்தில் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய சுமையைக் கணக்கிட வேண்டும். அதைப்போல் ஒன்றரை மடங்கு சுமையை ஏற்றினாலும் உடல் குறைந்தது 3 நொடி முறியாமல் நிற்க வேண்டும். ராக்கெட்டுகளில் இந்த மடங்கு இன்னும் குறைவு.

1995 ஜனவரி 14 அன்று போயிங் நிறுவனம் தன் 777 விமானத்தின் இறக்கைகளை முறியும்வரை வளைத்துப் பார்த்தது. இறக்கை நுனிகள் சுமார் 24 அடி மேலெழுந்தன. எதிர்பார்க்கும் உச்சச் சுமையின் 154 சதவீதத்தில் இரண்டும் முறிந்தன. பொறியாளர்கள் கைதட்டி மகிழ வேண்டிய முடிவு அது. 150க்கு முன்னால் முறிந்திருந்தால் விமானத்துக்கு அப்படியே உரிமம் கிடைத்திருக்காது. 200 வரை முறியாமல் நின்றிருந்தாலும் அது பெருமைக்குரியதல்ல. தேவைக்கு மேல் உலோகம் போட்டுவிட்டார்கள் என்றே பொருள்.

இந்தக் கணக்கைப் போடுபவருக்கு இத்துறையில் 'ஸ்ட்ரெஸ் இன்ஜினியர்' என்று பெயர். ஒரு பாகத்தைக் கணினியில் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு விசை தேங்குகிறது என்று பார்ப்பது இவருடைய அன்றாட வேலை. இதற்கு இன்றும் பயன்படும் நாஸ்ட்ரான் மென்பொருளின் மூல வடிவம் 1960களில் நாசாவுக்காக எழுதப்பட்டது. படம் வண்ணத்தில் வருவதால் மட்டும் விடை சரியாகிவிடாது. எந்த முனையை நிலையாகப் பிடித்தோம், சுமையை எங்கே ஏற்றினோம் என்ற அனுமானம் தவறினால், அழகான படம் அழகாகவே தவறான விடை சொல்லும். அதனால் அனுபவசாலிகள் கணினி விடையைக் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

உலோகம் சோர்ந்துபோகும்

ஒரே ஒரு முறை வரும் பெரிய சுமையைக் கணக்கிடுவது எளிது. கஷ்டம், சின்னச் சுமை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும்போதுதான். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான பிரிட்டனின் காமெட் அதை எல்லோருக்கும் புரியவைத்தது. 1952 மே மாதம் சேவைக்கு வந்த காமெட், மற்ற விமானங்களைவிட இரு மடங்கு உயரத்தில், சுமார் 40,000 அடியில் பறந்தது. அங்கே பயணிகள் மூச்சுவிட அறைக்குள் காற்றை அழுத்தி வைக்க வேண்டும். மேலே ஏறும்போது உடல் மெல்ல உப்பும், இறங்கும்போது சுருங்கும். 1954 ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட 'யோக் பீட்டர்' என்ற காமெட் எல்பா தீவருகே வானிலேயே சிதறியது. இறந்தவர்கள் 35 பேர். ஏப்ரல் 8 அன்று இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே விழுந்ததில் 21 பேர் இறந்தனர்.

ஆர்னல்டு ஹால் தலைமையில் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடம் செய்த விசாரணை, இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஒன்று. பறந்துகொண்டிருந்த ஒரு காமெட்டை அப்படியே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். இறக்கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, உடலுக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர். தண்ணீரை உள்ளே அழுத்துவதும் விடுவதுமாக, பல மணி நேரப் பயணத்தைச் சில நிமிடங்களில் முடித்துக்கொண்டே போனார்கள். காற்றை அழுத்திச் சோதித்திருந்தால் உடல் குண்டுபோல் வெடித்திருக்கும், எங்கிருந்து கிழியத் தொடங்கியது என்றே தெரிந்திருக்காது. தண்ணீர் அழுத்தத்தில் சுருங்காது. அதனால் கிழிந்த இடம் கிழிந்தபடியே இருக்கும். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்துச் சுமார் 3,060 முறை அழுத்தியபோது, உடலில் வெட்டியிருந்த ஒரு திறப்பின் மூலையிலிருந்து தகடு கிழிந்தது.

தயாரித்த நிறுவனம் சோதிக்காமல் விட்டுவிடவில்லை என்பதுதான் இதில் வேதனை. அவர்களுடைய சோதனைத் துண்டு 16,000 முறைக்கு மேல் தாங்கியிருந்தது. ஆனால் அதே துண்டை முன்னதாக இன்னொரு சோதனைக்காக இயல்பான அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கு ஏற்றியிருந்தார்கள். அந்தப் பெரிய அழுத்தத்தில் திறப்புகளின் மூலைகளில் உலோகம் சற்றே நெகிழ்ந்து, பிற்பாடு வரும் சிறு சுமைகளைத் தாங்கும் நிலைக்கு வந்துவிட்டது. பறந்த விமானங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. யோக் பீட்டர் 1,290 பயணங்களில் உடைந்தது. ஒரே மாதிரியைக் கொண்டு இரண்டு சோதனை செய்தால் முதல் சோதனை இரண்டாவதைக் கெடுத்துவிடலாம் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. இன்று நிலையான சுமைக்கு ஒரு முழு உடலும், திரும்பத் திரும்ப வரும் சுமைக்கு வேறொரு முழு உடலும் தனித்தனியே கட்டப்படுகின்றன.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் ஒரு போயிங் 737இன் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. தீவுக்குத் தீவு குட்டிப் பயணமாக அது 89,680 முறை பறந்திருந்தது. ரிவெட் துளைகளைச் சுற்றி முளைத்த நுண்ணிய விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. எத்தனை மணி நேரம் பறந்தது என்பதைவிட எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதே உடலின் வயது என்ற பாடம் அன்று மறுபடி எழுதப்பட்டது.

சூடும் குளிரும்

ஜெட் என்ஜினின் டர்பைன் இலைமேல் பாயும் வாயு, அந்த இலை செய்யப்பட்ட உலோகம் உருகும் வெப்பநிலையையும் தாண்டிய சூட்டில் இருக்கிறது. இலை உருகாமல் இருப்பதற்காக அதன் உள்ளே காற்றுக்கான பாதைகள் குடையப்படுகின்றன. மேற்பரப்பில் உள்ள நுண்துளைகள் வழியே வெளிவரும் காற்று ஒரு மெல்லிய போர்வையாகப் படர்கிறது. அதன்மேல் பீங்கான் பூச்சு வேறு. உலோகத்தின் படிகத் துணுக்குகள் சந்திக்கும் எல்லைகள்தான் சூட்டில் முதலில் விட்டுக்கொடுக்கும் என்பதால், முழு இலையையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். இதில் தேர்ந்த நாடுகள் மிகச் சில. தேஜஸ் போர்விமானத்துக்கென்று பெங்களூரில் உருவான காவேரி என்ஜின் அந்த விமானத்திலிருந்து 2008இல் விலக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்த சிக்கல்களில் இந்த வகை உலோகத் தொழில்நுட்பமும் ஒன்று.

ராக்கெட்டின் மேல்கட்டத்தில் பிரச்சினை தலைகீழ். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி, திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். இந்தியா இந்த கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தை ரஷ்யாவிடமிருந்து வாங்க முயன்று, அமெரிக்கத் தடையால் 1993இல் அது நின்றுபோனதும், சொந்தமாகச் செய்யத் தொடங்கியது. அதற்கு ஏன் இரண்டு பத்தாண்டுகள் பிடித்தன என்பதற்கான விடையில் பெரும்பகுதி மெக்கானிக்கல் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

ஹைட்ரஜன் மிக லேசானது. ஒரு கன மீட்டர் திரவ ஹைட்ரஜன் 71 கிலோதான். அதைப் போதிய அழுத்தத்தில் தள்ள வேண்டுமானால் பம்ப் நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்று சுழல வேண்டும். பேரிங்குக்கு எண்ணெயோ கிரீஸோ போட முடியாது. அந்தக் குளிரில் எல்லாம் கல்லாகிவிடும். பேரிங் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டிலிருந்து உராய்ந்து வரும் மெல்லிய பாலிமர் படலமே உயவுப் பொருள். இதோடு சுருக்கமும் சேர்கிறது. அறை வெப்பநிலையில் 20 செ.மீ. நீளமுள்ள ஓர் அலுமினியப் பாகம் ஹைட்ரஜனின் குளிருக்குப் போகும்போது சுமார் 0.8 மில்லிமீட்டர் குறுகும். அதே நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாகம் சுமார் 0.6 மில்லிமீட்டர் குறுகும். வித்தியாசம் 0.2 மில்லிமீட்டர்தான். ஆனால் சுழலும் பாகத்துக்கும் அதைச் சூழ்ந்த சீலுக்கும் நடுவே விடப்படும் இடைவெளியே சில இடங்களில் அதைவிடக் குறைவு. இடைவெளியை அதிகமாக விட்டால் ஹைட்ரஜன் கசிந்து அழுத்தம் போய்விடும். குறைத்தால் குளிரில் உரசிப் பிடித்துக்கொள்ளும். பணிமனையில் வெயிலில் அளந்து பொருத்திய பாகம், ஓடும்போது எந்த அளவில் இருக்கும் என்பதைக் கணக்கில் மட்டுமே பார்க்க முடியும்.

2010 ஏப்ரல் 15 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-3 ராக்கெட் இந்தியாவின் சொந்த கிரையோஜெனிக் என்ஜினோடு முதன்முறையாகக் கிளம்பியது. கீழ்க்கட்டங்கள் பழுதில்லாமல் வேலை செய்தன. தொட்டியிலிருந்து வரும் ஹைட்ரஜனுக்கு முதல் அழுத்தம் கொடுக்கும் சிறிய பம்ப் நிமிடத்துக்கு 34,800 சுற்று வேகத்தைத் தொட்டது. பிறகு வேகம் இறங்கி நின்றுவிட்டது. என்ஜினுக்கு எரிபொருள் போகவில்லை. செயற்கைக்கோள் கடலில் விழுந்தது. சீல் இருந்த ஓரிடத்தில் சுழலி பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது அதிக அழுத்தத்தில் டர்பைன் உறை பிளந்திருக்கலாம் என்றது ஆய்வு. குளிரில் பேரிங்கும் உறையும் சுருங்குவதைக் கணக்கில் கொண்டு அந்தப் பம்ப்பின் வடிவமைப்பு மாற்றப்பட்டது. வெற்றிடத்தில் என்ஜின் பற்றிக்கொள்கிறதா என்பதைத் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள சோதனைக்கூடத்தில் உயரச் சூழலை உண்டாக்கிப் பார்த்தார்கள். இந்திய ராக்கெட்டுகளின் திரவ என்ஜின்கள் தீப்பிழம்பு கக்கித் தேர்வு எழுதும் இடம் அந்த மலையடிவாரம்தான்.

சொந்த கிரையோஜெனிக் என்ஜினோடு அடுத்த ராக்கெட்டான டி-5, 2013 ஆகஸ்ட் 19 அன்று கிளம்ப இருந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமே பாக்கி இருந்தபோது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு தெரிந்து நிறுத்தப்பட்டது. கசிந்த தொட்டி, தகைவும் அரிப்பும் சேர்ந்தால் காலப்போக்கில் விரிசல்விடும் இயல்புள்ள ஓர் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. வேறு கலவையில் செய்த தொட்டியோடு புதிய கட்டம் பொருத்தப்பட்டது. 2014 ஜனவரி 5 அன்று டி-5 ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

பணிமனையும் பதிவேடும்

கணினித் திரையில் முடியும் வேலை பாதிதான். மீதி, டிராயிங்கில் போட்ட அளவு உலோகத்தில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. வரைபடத்தில் ஒவ்வோர் அளவுக்குப் பக்கத்திலும் டாலரன்ஸ் குறித்திருக்கும். ஒரு துளை 10 மில்லிமீட்டர் என்றால் மட்டும் போதாது. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம், எந்தப் பரப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதும் சொல்லப்பட வேண்டும். தேவையில்லாமல் நெருக்கமான டாலரன்ஸ் போடும் இளம் பொறியாளரைப் பணிமனையில் யாரும் விரும்புவதில்லை. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை இறுக்கிவிட்டால் பாகத்தின் விலையே பல மடங்காகும். கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் வானூர்திப் பாகங்கள் கடையும் நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் உலோகம் எந்த உலையில், எந்த வார்ப்பில் வந்தது என்ற எண் சான்றிதழில் இருக்கும். டார்க் ரெஞ்ச்சால் இறுக்கியபோது எவ்வளவு முறுக்குவிசை கொடுத்தார்கள் என்பது எழுதப்படும். அந்த ரெஞ்ச் சரிபார்க்கப்பட்ட தேதி அதன்மேல் ஒட்டியிருக்கும். முக்கிய இடங்களில் போல்ட் தலையில் சிறு துளையிட்டு, அதன் வழியே மெல்லிய கம்பியை நுழைத்து, பக்கத்துப் போல்ட்டோடு முறுக்கிக் கட்டுவார்கள். இதுதான் லாக் வயர். கம்பி இழுக்கும் திசை போல்ட்டை இறுக்கும் பக்கமாக இருக்க வேண்டும். தளர்த்தும் பக்கமாக இருந்தால் இன்ஸ்பெக்டர் வெட்டிப்போட்டு மறுபடி கட்டச் சொல்வார். கட்டியவரும் பார்த்தவரும் கையெழுத்திடுவார்கள்.

ஒரு துளை 0.05 மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டால் உடனே தூக்கி எறிவதில்லை. முரண்பாட்டு அறிக்கை எழுதப்பட்டு வடிவமைப்புப் பொறியாளரிடம் வரும். இப்படியே பயன்படுத்தலாமா, புஷ் போட்டுச் சரிசெய்யலாமா, கழிக்கவா என்று அவர் கணக்கோடு பதில் எழுத வேண்டும். இளம் பொறியாளர்களின் முதல் ஆண்டுகள் பலவும் இந்த அறிக்கைகளுக்குப் பதில் எழுதுவதிலேயே போகும். சலிப்பான வேலை என்று தோன்றலாம். ஆனால் ஒரு பாகம் எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி இல்லை.

பதிவும் பரிசோதனையும் ஏன் இவ்வளவு கடுமை என்பதற்கு 1989 ஜூலை 19 சான்று. அமெரிக்காவின் சூ சிட்டியில் நொறுங்கிய டி.சி.-10 விமானத்தின் வால் என்ஜினில், 1971இல் செய்யப்பட்ட டைட்டானியம் வட்டு ஒன்று பறக்கும்போது பிளந்தது. உருக்கும்போதே உலோகத்துக்குள் கலந்துவிட்ட நைட்ரஜன் மிகுந்த ஒரு சிறு கடினத் துகளிலிருந்து விரிசல் தொடங்கியிருந்தது. கடைசியாக ஒளிரும் சாயம் தடவிச் சோதித்தபோதே விரிசல் சுமார் அரை அங்குலம் வளர்ந்திருக்க வேண்டும் என்று விசாரணை கணக்கிட்டது. அது கண்ணில் படவில்லை. இறந்தவர்கள் 112 பேர். இன்று இத்தகைய வட்டுக்கான டைட்டானியத்தைப் பல கட்டங்களாக உருக்கித் தூய்மைப்படுத்துகிறார்கள்.

அதிர்வு மேடை

ராக்கெட் கிளம்பும் சில நிமிடங்களே செயற்கைக்கோளுக்கு வாழ்நாளின் மிகக் கடுமையான நேரம். அதனால் ஒவ்வொரு பெட்டியும் அதிர்வு மேடையில் ஏற்றி உலுக்கப்படுகிறது. பிறகு வெற்றிட அறையில் சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி வைக்கப்படுகிறது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான ப.வீரமுத்துவேல் மெக்கானிக்கல் டிப்ளமோவிலிருந்து தொடங்கியவர். செயற்கைக்கோளின் மின்னணுப் பெட்டிகளில் அதிர்வைத் தணிப்பது அவர் ஆய்வு செய்த பொருள்களில் ஒன்று.

2019இல் சந்திரயான்-2 லேண்டர் மோதி நொறுங்கியபின், அடுத்ததன் கால்கள் வலுப்படுத்தப்பட்டன. தரையைத் தொடும்போது தாங்கக்கூடிய வேகம் நொடிக்கு 2 மீட்டரிலிருந்து 3 மீட்டராக உயர்த்தப்பட்டது. நிலவின் மேட்டுநிலத்தில் உள்ள அனார்த்தோசைட் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் கிடைக்கிறது. அதை அரைத்துத்தான் இஸ்ரோ நிலவு மண்ணின் மாதிரியைத் தயாரித்திருந்தது. லேண்டரின் கால்கள் வெவ்வேறு விதமாகத் தரை தொட்டால் என்ன ஆகும் என்பதை மாதிரி மண் நிரப்பிய படுகையில் இறக்கிப் பார்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று அந்தக் கால்கள் அசல் மண்ணில் நின்றன.

கிளம்ப வேண்டாம் என்று சொல்வது

விண்வெளி ஓடத்தின் பக்க ராக்கெட்டுகளைச் செய்த அமெரிக்காவின் மார்ட்டன் தியோக்கால் நிறுவனத்தில் வேலை பார்த்த ரோஜர் பாய்ஸ்ஜாலி ஒரு மெக்கானிக்கல் பொறியாளர். அந்த ராக்கெட்டுகளில், பகுதிகள் இணையும் இடத்தை அடைத்திருந்த ரப்பர் வளையத்தின் தடிமன் சுமார் 7 மில்லிமீட்டர். ராக்கெட் பற்றியதும் இணைப்பு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சற்றே திறக்கும். அந்த இடைவெளியை நிரப்ப வளையம் அதே வேகத்தில் விரிய வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்துவிடும். 1985 ஜூலை 31 அன்று பேரழிவு நேரலாம் என்று அவர் மேலதிகாரிகளுக்குக் குறிப்பு எழுதினார். 1986 ஜனவரி 27 இரவு தொலைபேசிக் கூட்டத்தில், 12 டிகிரி செல்சியஸுக்குக் குறைவாக இருந்தால் ஏவ வேண்டாம் என்று அவரும் சக பொறியாளர்களும் வாதாடினார்கள். நிர்வாகம் அந்தப் பரிந்துரையை மாற்றியது. மறுநாள் காலை சுமார் 2 டிகிரியில் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பியது. 73 நொடிகளில் அது சிதறியது. 7 பேரும் போய்விட்டார்கள். கணக்கு சரியாக இருந்தது, அதைச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் அவர்களுடைய சொல்லுக்கு ஏவுதலை நிறுத்தும் அதிகாரம் இல்லை. இன்று ஏவுதலுக்கு முந்தைய ஆய்வுக் கூட்டங்களில் மாற்றுக் கருத்தைக் கேட்டுப் பதிவுசெய்வது நடைமுறையாகியிருக்கிறது. அந்த நடைமுறை சடங்காகிவிடாமல் காப்பது பெரிய பொறுப்பு.

வந்துசேரும் வழிகள்

இத்துறைக்கு வர ஐ.ஐ.டி. வாசல் ஒன்றே வழி என்பது தவறு. கன்னியாகுமரி மாவட்டம் மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த வி.நாராயணன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதிப் பொறியாளர் ஆனவர். 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தார். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியலில் முதுகலை படித்தார். எல்.வி.எம்-3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் கட்டத்துக்குத் திட்ட இயக்குநராக இருந்தார். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானார். ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர், வெல்டர், டர்னர்களும் இதே நிறுவனங்களில் பணியில் இருக்கிறார்கள். மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்தவர்களின் அனுபவத்தைக் கேட்டு நடக்கும் பொறியாளர் விரைவாகத் தேறுகிறார்.

அரசு நிறுவனங்களுக்கு வெளியேயும் இடம் விரிந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் முளைத்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த என்ஜினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட் ஏவியது. ஒரே துண்டு என்பதால் வெல்டிங் இணைப்புகளும் அவற்றோடு வரும் கசிவுப் பயமும் போய்விட்டன. மாறாக, குளிரூட்டும் பாதைகள் உலோகத்துக்குள் மூடப்பட்டிருப்பதால் கண்ணோ சாயமோ அங்கே எட்டாது. அச்சில் ஒட்டாமல் விட்ட துகள் எந்தப் பாதையையாவது அடைத்திருக்கிறதா, அடுக்குகளுக்கு நடுவே நுண்ணிய வெற்றிடம் இருக்கிறதா என்பதை எக்ஸ்-ரே சி.டி. ஸ்கேனில் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிய வெற்றிடத்தை அனுமதிக்கலாம், அது எத்தனை முறை பற்றவைத்தபின் விரிசலாக வளரும் என்ற கணக்கில்தான் இப்போது பல மெக்கானிக்கல் பொறியாளர்கள் ஈடுபட்டிருக்கிறார்கள்.